மாப்பிள்ளைக்குப் பிணை

வாசகப் பெருமக்களே, நீங்களே சாட்சி. வெளிநாடு சென்று வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளில் கப்பல் வரும், பனி வரும், கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் அதிகாரி வருவார். என் கட்டுரையில் மரவள்ளி லாரி வரும், ஒரு சேவல் வரும், சாலையின் குறுக்கே சாய்ந்து கிடக்கும் புளியமரம் வரும். ஆயினும் இது வெளிநாட்டுப் பயணமே என்று எந்த மேடையிலும் வாதிட நான் ஆயத்தமாக இருக்கிறேன். எல்லையைக் கடந்தேன், அறியாதவர் கையால் உண்டேன், அனுமதி கேட்டு நின்றேன், முடிவில் பிணைக்கைதியாகவும் அமர்ந்தேன். இதற்கு மேல் ஒரு வெளிநாடு ஒருவனுக்கு என்னதான் செய்துவிட முடியும்?

நான் களமருதூர் நெல் விவசாயி ஒருவரின் மகன். பெயர் செழியன். சென்னையில் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகளை முதன்மைப் பாடமாகவும் உலக சமயங்களைத் துணைப்பாடமாகவும் படித்துக்கொண்டிருந்தேன். "அத்தப் படிச்சா இன்னா வேல கெடைக்கும்?" என்று அப்பா கேட்டார். "தூதுவர் ஆகலாம்" என்றேன். "யாரு அனுப்புவாங்க?" என்றார். அந்த ஒரு கேள்விக்குத்தான் என்னிடம் ஆயத்தமான விடை இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் இருந்தது. கல்லூரிப் பேச்சுப்போட்டிகளில் நான் வென்ற கோப்பைகள் விடுதி அறையின் சன்னலை மறைத்திருந்தன. வெளிச்சத்துக்காக அறைத்தோழன் யூசுப் அவற்றை அவ்வப்போது தள்ளி வைப்பான்; நான் மீண்டும் இழுத்து வைப்பேன்.

யூசுப் ஆத்தூர்க்காரன். இரண்டு பாடங்களிலும் என் வகுப்புத் தோழன். குர்ஆனையும் உபநிடதத்தையும் ஒரே மூச்சில் விளக்கக் கூடியவன், மேடை ஏறினால் மட்டும் தன் பெயரையே மறந்துவிடுவான். அவனுக்குத்தான் திருமணம். பெண் கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்து ஜமீலா. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் நிக்காஹ்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் தென்னாற்காடு மாவட்டமே கொந்தளித்த ஆண்டுகள் அவை. தேர்வு முடிந்து நாங்கள் புறப்பட்டபோது விழுப்புரம் வழி அடைபட்டிருந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுபோல் சேலம் போய், அங்கிருந்து ஆத்தூர் வந்தோம். யூசுப்பின் பெற்றோரும் உறவினரும் முன்னதாகவே கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தனர். அவர்கள் போன பிறகு அந்தச் சாலையிலும் மறியல்காரர்கள் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். ஆத்தூரில் பூட்டிய வீட்டின் முன் மாப்பிள்ளையும் நானும் ஒரு சூட்கேசும் மட்டும் மிஞ்சினோம்.

டிரங்க் கால் போட்டோம். மறுமுனையில் பெண்ணின் தந்தை கரீம் பாய். குவைத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்பவர்; விடுப்பு முடிந்துவிட்டது. வெள்ளி மாலை போலீஸ் காவலுடன் கள்ளக்குறிச்சியிலிருந்து பேருந்துகள் வரிசையாகக் கிளம்புகின்றன. அதில் ஏறினால்தான் விமானத்தைப் பிடிக்கலாம். தவறினால் வேலை போய்விடும். வேலைக்காகப் போய்விட்டாலோ, மகள் திருமணத்தைப் பார்க்க இன்னும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

எனக்குப் பாடம் நினைவுக்கு வந்தது. அந்நாளைய மன்னர்கள் தாமே போகாமல் தூதுவரை அனுப்பி இளவரசிகளை மணந்தது உண்டு. யூசுப்பும் தலையாட்டினான்: மாப்பிள்ளை சார்பில் வக்கீல் எனப்படும் பிரதிநிதி ஒருவர் ஒப்புக்கொள்ள மார்க்கத்தில் இடம் இருக்கிறது. பன்னாட்டு உறவும் உலக சமயமும் ஒரே புள்ளியில் சந்தித்த அந்தக் கணத்தில் நான் தொலைபேசிக் கூண்டுக்குள்ளேயே துள்ளினேன். கரீம் பாய் உருதுவில் சொன்ன பதிலைத் தமிழில் தருகிறேன்: "என் மகளை ஒரு தூதனிடம் ஒப்படைக்க மாட்டேன். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன். எப்படியாவது வாருங்கள்."

எப்படியாவது என்றால் மலை வழியாக. ஆத்தூருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே கல்வராயன் மலை கிடக்கிறது. ஒரு காலத்தில் மூன்று ஜாகிர்தார்கள் பங்கிட்டு ஆண்ட மலை அது. அரசு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டதே அண்மையில்தான். "மூன்று அரசுகள்! மூன்று எல்லைகள்!" என்று நான் ஆர்ப்பரித்தேன். "மூணு நாள்தான் இருக்கு, கெளம்பு" என்றான் யூசுப்.

புதன்கிழமை. ஜவ்வரிசி ஆலையில் கிழங்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாய் மலைக்குத் திரும்பும் லாரி ஒன்றில் இடம் கிடைத்தது. பின்புறம் நாங்கள் உட்கார்ந்திருந்தோம் என்று சொன்னால் அது மிகை. வளைவுகளுக்கு நடுவே அவ்வப்போது லாரித் தரையில் வந்து விழுந்தோம் என்பதே சரி. உரச்சாக்கில் பொதிந்த சூட்கேசை யூசுப் மார்போடு அணைத்திருந்தான். அதற்குள் அவனுடைய திருமண ஷெர்வானி. மலைப்பாதையில் பாதி ஏறியதும் வண்டியின் மூக்கிலிருந்து புகை கிளம்பியது. "எறங்குங்க தம்பிங்களா, வண்டி பெருமூச்சு வுடுது" என்றார் ஓட்டுநர். ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டுத் தள்ளினோம். தன் திருமணத்துக்குக் குதிரையில் போனவர் உண்டு, காரில் போனவர் உண்டு. லாரியைத் தள்ளிக்கொண்டு போனவன் என் நண்பன் ஒருவனே.

கருமந்துறையில் இறங்கியதும் கொய்யா. எங்கள் விடுதி வாசலில் கொய்யாவை நான்காய் வகிர்ந்து மிளகாய்ப்பொடி தூவித் தருவார்கள். பழத்தைவிடப் பொடிதான் நினைவில் நிற்கும். இங்கே கிளையை வளைத்து, வெயிற்சூடு மாறாத முழுப் பழத்தைக் கையில் வைத்தார்கள். நான் எத்தனை தின்றேன் என்பதை யூசுப் இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறான்.

வியாழக்கிழமை நடை. கரியாலூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த குப்பாயி என்ற மலைக்காரப் பெண் எங்களுக்கு வழித்துணையானார். ஒரு பானைத் தேனைத் தலையில் வைத்துக்கொண்டு, கையை வீசி நடப்பவர். அண்ணனுக்குத் தேன் கொண்டுபோவது பாசத்தால் என்று எண்ணினேன். "பாசமா? சண்ட போடப் போறேன். வெறுங்கையோட போனா ஒக்கார வெச்சுக் கேக்கமாட்டான்" என்றார். பரிசுப் பொருளுடன் பேச்சுவார்த்தைக்குப் போவது தூதியலின் முதல் விதி என்று நான் விளக்கத் தொடங்கினேன். ஏற்றம் முழுவதும் விளக்கினேன்.

"தம்பி, நீ பேசிக்கினே ஏறுறியே, மூச்ச எப்பதான் வுடுவ?" என்றார் குப்பாயி.

"அவன் அடுத்தவங்க மூச்சுலதாங்க்கா பேசறான்" என்றான் யூசுப்.

நண்பகலில் ஒரு சிற்றூர். நாங்கள் யார், எங்கே போகிறோம் என்று குப்பாயி அறிவித்ததுதான் தாமதம், ஊர்க்கவுண்டர் வழியை மறித்துக்கொண்டார். அந்த ஊரில் ஒரு வழக்கம்: மாப்பிள்ளையாய்ப் போகிறவன் எந்த ஊரானாலும், எந்தச் சாதியானாலும், எல்லைக்குள் வந்துவிட்டால் உண்ணாமல் தாண்டக் கூடாது. "வெறும் வவுத்தோட மாப்ளய அனுப்புனா எங்க ஊருக்கு ஆவாது" என்றார். பொழுது போகிறதே என்று யூசுப் கெஞ்சினான். பயனில்லை. ஒரு சேவலைப் பிடித்து வந்துவிட்டார்கள்.

பிறகு நடந்ததை உலக சமயப் பாடத்தில் சேர்க்கலாம். தங்கள் முறைப்படி அறுத்தால்தான் முஸ்லிம்கள் உண்பார்கள் என்பது கவுண்டருக்குத் தெரிந்திருந்தது. பெருந்தன்மையோடு கத்தியை யூசுப்பிடம் நீட்டினார். "நீங்களே அறுங்க மாப்ள." யூசுப் வாழ்நாளில் ஓர் எறும்பைக்கூட வேண்டுமென்று மிதித்ததில்லை. கத்தி ஒரு கையிலும் சேவல் மறு கையிலுமாக நின்றான். அவன் சேவலைப் பார்த்தான். சேவல் அவனைப் பார்த்தது. "பிஸ்மில்லா" என்று தொடங்கியவன் குரல் நடுங்க நின்றுவிட்டான். அந்த இடைவெளியே சேவலுக்குப் போதுமானதாயிருந்தது. கூரையேறி அங்கிருந்து ஒரு முறை கூவியது. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "இவுரு சேவலுக்கே இப்பிடி நடுங்குறாரு, பொண்டாட்டிய எப்பிடிப் பாப்பாரு?" என்று ஒரு பெண் கேட்க, குப்பாயி தேன் பானையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். கடைசியில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் உண்டோம். எங்கள் ஊர் நெற்சோற்றின் பெருமையைப் பல மேடைகளில் பேசியவன் நான். அன்று சாமைக்கு மூன்றாம் முறை இலையை நீட்டினேன்.

அந்த விருந்துக்கு விலை ஓடையில் கொடுத்தோம். சற்று முன்னர் வந்திருந்தால் கணுக்காலளவு ஓடியிருக்கும் தண்ணீர், மேலே எங்கோ பெய்த மழையால் இடுப்பளவு ஏறியிருந்தது. சூட்கேசைத் தலையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை முன்னே. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வருங்காலத் தூதுவர் பின்னே. கரியாலூரை அடையும்போது அந்தி மங்கிவிட்டது. குப்பாயியின் அண்ணன் எங்களுக்குப் படுக்க இடம் கொடுத்தார். உள்ளே சண்டை நடந்த சத்தம் கேட்கவே இல்லை. தேன் வேலை செய்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை புளி மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்றின் பின்னால் தொங்கிக்கொண்டு மலை இறங்கினோம். கீழே கோமுகி அணையின் நீர் பளபளத்தது. அதைச் சுற்றிப் பச்சையாய்க் கரும்பு. "வந்துட்டோம்டா!" என்று யூசுப் கத்தினான். காற்று அவன் தலைமயிரைப் பின்னுக்கு வாரிவிட்டது. நான் பாடினேன். எனக்குப் பாட வராது. அன்று அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

கச்சிராயபாளையத்துக்குச் சற்று முன்னால் ஜீப் நின்றது. சாலையின் குறுக்கே கிளைகளோடு ஒரு பெரிய புளியமரம். அதன் மேலும் கீழும் ஆட்கள். ஓரமாய் அடுப்பு மூட்டி உப்புமா கிளறிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒருவர் எழுந்து வந்தார். முருகேசன் என்று பெயர், கரும்பு விவசாயி, அந்த மறியலுக்கு அவர்தான் பொறுப்பு.

"கல்யாணமா, சாவா? ரெண்டுக்குத்தான் வழி."

"கல்யாணம்" என்றோம் இருவரும்.

"யாருக்கு?"

"எனக்கு" என்றான் யூசுப். சேறும் கிழங்கு மண்ணும் புளித்தூசும் அவன் மேல் அடுக்கடுக்காய்ப் படிந்திருந்தன.

மரத்தின் மேலிருந்தவர்கள் சிரித்தார்கள். "மாப்ள மூஞ்சியா இது? மூட்ட தூக்குனவன் கணக்கா கீறான்."

"நேத்து ஒருத்தன் பாடை கட்டிக்கினு வந்தான்" என்றார் முருகேசன். "நாங்களும் துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கினு வழி வுட்டோம். போனப்பறம்தான் தெரிஞ்சிது, பாடைல இருந்தது பொணம் இல்ல, வெல்ல மூட்ட. பத்திரிக கீதா?"

தன் திருமணப் பத்திரிகையைத் தானே பையில் வைத்துக்கொண்டு திரியும் மாப்பிள்ளை உண்டா? சூட்கேசைத் திறந்து ஷெர்வானியைக் காட்டினோம். பொன்னிறப் பொத்தான்கள் வெயிலில் மின்னின. "இது கூத்துல ராசா போட்டுக்கறது. எந்த ஊர்ல கூத்து?" என்றார் ஒருவர்.

கரீம் பாய் மாலையில் பேருந்து ஏறிவிடுவார். ஜும்மா நெருங்கிக்கொண்டிருந்தது. என் நேரம் வந்தது என்று உணர்ந்தேன். மரத்தின் மேல் ஏறினேன். அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே என்று தொடங்கினேன். போர்க்களத்திலும் தூதனைத் தடுக்காத மரபு, நடுக்கடலிலும் செல்லுபடியாகும் பாதுகாப்புச் சீட்டு, மணமகனின் வழி புனிதம் என்று எல்லாச் சமயங்களும் கொள்ளும் ஒருமித்த கருத்து என அடுக்கினேன். கையொலி எழுந்தது. இதைவிட நல்ல கூட்டம் எனக்குச் சென்னையில் வாய்த்ததில்லை. விசில்கூட அடித்தார்கள்.

"பேச்சு நல்லா கீது" என்றார் முருகேசன். "எங்க கேள்விக்கு ஒண்ணு சொல்லு. ஒதுக்கீடு வேணுமா, வேணாமா?"

மேடைப் பெருமை என் நாவைப் பிடித்துத் தள்ளியது. "அந்தத் தலைப்பில் இரு தரப்பிலும் பேசி முதற்பரிசு பெற்றிருக்கிறேன்!" என்றேன்.

கையொலி நின்றது. உப்புமா கிளறிய கரண்டியும் நின்றது.

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

"அப்ப இவரு மாப்ளன்னு சொல்றியே, அதுவும் ஒரு பக்கந்தான? எறங்கி அந்தாண்ட நின்னா மாப்ள இல்லன்னும் பேசுவ." முருகேசன் கோபப்படவில்லை; அதுதான் வலித்தது. "தம்பி, பேசறவங்கள நம்பி நம்பித்தான் இப்ப மரத்து மேல ஒக்காந்துக்கினு கீறோம்."

யூசுப் என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அவன் சூட்கேசை மூடத் தொடங்கினான். அப்போது வகுப்பில் கேட்ட ஒன்று என்னைக் காப்பாற்றியது. ஒருவர் சொல்லை ஒருவர் நம்பாத அரசர்கள், உடன்படிக்கை நிறைவேறும் வரை ஓர் ஆளைப் பிணையாக வாங்கி வைத்துக்கொள்வார்களாம்.

"என் சொல் வேண்டாம், என்னை வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். "மாப்பிள்ளையை அனுப்புங்கள். நிக்காஹ் நடந்தால் பிரியாணி வரும். வந்தால் என்னை விடுங்கள்."

"வரலேன்னா?"

"வராவிட்டால் நான் இங்கேயே இருக்கிறேன்."

"இங்கயே இருந்து?"

"கரும்பு வெட்டுகிறேன்."

என் கைகளை வாங்கித் திருப்பிப் பார்த்தார் முருகேசன். "இதால வெட்டுனா கரும்பே சிரிக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு பேச்சுவார்த்தை முடிந்தது. முருகேசனின் சித்தப்பா மகன் டிராக்டரைக் கிளப்பினார். கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே வண்டித் தடம் ஒன்று இருந்தது.

"நீ இல்லாம எப்பிடிடா?" என்றான் யூசுப். இந்தத் திருமணத்துக்காகத்தான் நான் மலை ஏறி இறங்கினேன். அதை நான் பார்க்கப் போவதில்லை. "ஏறுடா. என்னைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை சொல்லு" என்று தள்ளினேன். டிராக்டர் கரும்புக்குள் மறையும் வரை அவன் கை என் பக்கமே நீட்டியிருந்தது.

பிணைக்கைதியாய் இருப்பது இத்தனை இன்பமானது என்று எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை. முதலில் உப்புமா வந்தது. பிறகு முருகேசனுக்கு ஒரு யோசனை தோன்றியது. "நாளைக்கு தாசில்தாரு பேச வராரு. நீதான் ரெண்டு பக்கமும் பேசுவியே. அவுரு இன்னா கேப்பாரோ அத நீ கேளு. நாங்க பதில் சொல்லிப் பாக்கறோம்."

என் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டுத் தாசில்தார் ஆக்கினார்கள். "தகுதி என்ன ஆவது?" என்று முழங்கினேன். "தகுதி பள்ளிக்கூடத்துல கெடைக்கும்னு சொன்னாங்க. எங்க பள்ளிக்கூடத்துல ஒரே வாத்தியாரு, அவுரும் லீவு" என்றார் உப்புமா கிளறியவர். "சாலையை மறித்தால் பொதுமக்கள் துன்பப்பட மாட்டார்களா?" என்றேன். "நாங்க யாரு சார்? மிலிட்டிரியா?" என்றது மரத்தின் மேலிருந்து ஒரு குரல். நான் மடக்கினேன், அவர்கள் மடக்கினார்கள். யாரும் மணியடிக்கவில்லை, யாரும் மதிப்பெண் போடவில்லை. ஒரு கட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு நானே தாசில்தாருக்கு எதிராகப் பேசிவிட்டேன். "சார் கட்சி மாறிட்டாரு!" என்று கூச்சலிட்டார்கள்.

நிழல் நீண்டது. தடத்தில் எதுவும் வரவில்லை. விவாதத்தின் நடுவே என் கண் கரும்புக்கொல்லைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. சற்றுப் பொறுத்துப் பார்த்தால், எல்லோர் கண்களும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன.

"அவங்க தொழுவ எப்ப முடியும்?" என்று முருகேசன் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"முடிந்திருக்கும்."

"பொண்ணோட அப்பா பஸ்சு ஏறிட்டிருப்பாரோ?"

"தெரியவில்லை."

"ச்சே" என்றார். துண்டை அவிழ்த்து உதறி மீண்டும் கட்டினார். காலையில் மறித்தவர்கள், மாலையில் பெண்வீட்டாரைப்போல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் டிராக்டரின் ஓசை, பிறகு மணம். பிரியாணி நிரம்பிய தேக்சாப் பாத்திரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அத்தர் மணக்க உட்கார்ந்திருந்தவர் கரீம் பாய். இறங்குவதற்குள்ளாகவே கத்தினார்: "ஆயிடுச்சு! நிக்காஹ் ஆயிடுச்சு!" மரத்தின் மேலிருந்தவர்கள் குதித்து இறங்கினார்கள். "மாப்ள கபூல், சம்மதம்னு சொன்னாரு பாருங்க, பள்ளிவாசல் பொறாவெல்லாம் பறந்து போச்சு. மைக்கு இல்லாமலே தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு." என்னைச் சேர்த்து அணைத்தார். "கறி ஒரு வாய்கூட எறங்கல தம்பி, நீங்க இங்க இருக்கறப்ப. ஆள் வுட்டு அனுப்பச் சொன்னாங்க. நாந்தான் போவேன்னுட்டேன். பஸ்சுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கீது."

"கோழியா, ஆடா?" என்றது ஒரு குரல்.

"ஆடு!"

எழுந்த ஆரவாரத்தை என் பேச்சு எதுவும் இதுவரை பெற்றதில்லை. குவைத் போகும் அவசரத்திலும் கரீம் பாய் தாமே இலை போட்டுப் பரிமாறினார். முருகேசன் முதல் கவளத்தை மென்று, கண்ணை மூடித் திறந்தார். "ஆமா. கல்யாணந்தான்" என்று தீர்ப்பளித்தார். நான் விடுதலையானேன்.

டிராக்டர் திரும்பக் கிளம்பியது. கரீம் பாய் ஏறிவிட்டார். நானும் ஒரு காலை ஏற்றியபோது முருகேசன் என் தோளைத் தொட்டார். மற்றவர் காதில் விழாதபடி பேசினார். "எந்தங்கச்சிக்கும் கல்யாணம் நிச்சயமாயிருக்குது. மாப்ள சங்கராபுரத்துக்கு அந்தாண்ட. நம்மாளுங்க மறிச்சா நான் பேசிக்குவேன். அங்க மறிக்கறது எங்க மறியலுக்கு எதிராளுங்க. எம்பேரச் சொன்னாலே மாப்ள வண்டிய வுடமாட்டாங்க. அம்மா தெனம் அழுவுது."

இதுவரை நான் ஏறிய எந்த மேடையிலும் மனப்பாடம் செய்யாத ஒரு சொல்லையும் நான் பேசியதில்லை. ஏற்றிய காலை இறக்கினேன். மீண்டும் அந்தப் புளியமரத்தின் மேல் ஏறினேன். கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

"முருகேசன் அண்ணே, உங்கள் தங்கையின் கல்யாணத் தேதியை மட்டும் சொல்லி அனுப்புங்கள். சங்கராபுரம் சாலையில் யார் மரத்தை வெட்டிப் போட்டிருந்தாலும் மாப்பிள்ளைக்கு முன்னால் நான் போவேன். அவர் போய்த் தாலி கட்டும் வரை அந்த மரத்தின் மேல் நான் உட்கார்ந்திருப்பேன். பந்தியில் எனக்கு இலை போட வேண்டாம். சோற்றை மரத்துக்கே அனுப்பிவிடுங்கள்."